கருத்துக் கேட்கிறார்கள்

"கருத்துக் கேக்கிறாங்களா?" சாம்-ஹிங் கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

"ஆமாண்ணே, நாளைக்குச் சமூகக் கூடத்துல. நானும் பேர் குடுத்திருக்கேன்" என்றாள் தங்கை யூக்-சிம்.

இன்னும் பத்தாண்டில் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்தது. அதற்குள் சட்டமன்றத்தைப் படிப்படியாக மக்கள் வாக்குக்குக் கொண்டுவருவது பிரிட்டிஷ் அரசின் எண்ணம்; முதல் நேரடித் தேர்தலை அடுத்த ஆண்டே நடத்தலாமா என்பதே கேள்வி. நடத்த வேண்டும் என்று சொல்லவே பள்ளி ஆசிரியையான யூக்-சிம் பெயர் கொடுத்திருந்தாள்.

"ஐம்பத்தேழுல சீனாவுல, கான்டன்லயும் இப்படித்தான், கட்சிக்காரங்க டீ ஊத்திக் குடுத்து, 'மனசுல இருக்கிறதச் சொல்லுங்க'ன்னாங்க. சொன்னேன். அப்புறம் நாலு வருஷம் கல்லு உடைச்சேன்."

"இங்க கேக்கிறது வெள்ளக்காரன்ணே."

"அவன் மூட்டையக் கட்டிட்டுப் போயிடுவான். எழுதி வச்சத யார் கையில குடுத்துட்டுப் போவான்?"

யூக்-சிம் அவருடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் ஓர் அதிகாரி. அவரருகே குறிப்பெடுக்கும் எழுத்தர். பின்வரிசையில் யாருக்கும் தெரியாத ஒருவர், பேசுகிறவர்களையெல்லாம் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைக்காரரா அக்கா?" என்று யூக்-சிம் பக்கத்து வீட்டு ஃபங்கிடம் கேட்டாள்.

"எந்தப் பத்திரிகைன்னு நீயே போய்க் கேளேன். உன் படத்தைப் பெருசாப் போடுவாங்க."

யூக்-சிம் போய்க் கேட்கவில்லை.

"மாக் யூக்-சிம்" என்று எழுத்தர் அழைத்தார். அவள் இருக்கையிலிருந்து எழவில்லை. இரண்டாம் முறை அழைத்தபோது, பக்கவாட்டுக் கதவருகிலிருந்து சாம்-ஹிங் ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். அவர் வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது.

"அவ என் தங்கச்சி. தொண்டை கட்டிக்கிச்சு. அவளுக்குப் பதிலா நான் பேசுறேன். அடுத்த வருஷமே தேர்தல் வேணும். எழுதிக்குங்க: மாக் சாம்-ஹிங்."

"இது உங்க கருத்தா, அவங்க கருத்தா?" என்று எழுத்தர் கேட்டார்.

"என்னுதுதான். அவளுக்குக் கருத்தே கிடையாது. சமைச்சாலே உப்பு போதுமான்னு என்னைத்தான் கேப்பா."

கூடம் சிரித்தது. பின்வரிசையில் புகைப்படக் கருவி ஒருமுறை மின்னியது. சற்று இடைவெளிவிட்டு மறுபடியும்.

அது தன் கருத்து என்று எழுந்து சொல்ல, சிரிப்பு அடங்கும்வரை யூக்-சிம்முக்கு நேரமிருந்தது. அவள் குனிந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.