அரை மணித்தியாலம் பின்னுக்கு

இலவசமாக ஒரு சீடி கையில் கிடைத்தால் அதைக் கணினியில் போட்டுப் பார்க்காமல் இருக்க முத்துலிங்கத்தால் முடியாது. 2006 ஆவணியிலும் அப்படித்தான். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு சின்னப் பொறியியல் அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அங்கிருந்த பெரிய கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற ஒன்றைச் சும்மா விடவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். சனிக்கிழமை பாமன்கடை வீட்டிலிருந்து நடந்து வந்து, லினக்ஸின் பழைய பதிப்பைத் தூக்கிவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அலை மென்பொருள் செத்துக் கிடந்தது.

அந்த மென்பொருளை ஐரோப்பாவில் யாரோ பல்கலைக்கழகத்துக்காரர் எழுதி, மூல நிரலோடு உலகத்துக்குச் சும்மா கொடுத்திருந்தார்கள். கரையின் ஆழத்தையும் காற்றையும் கொடுத்தால், கடல் எங்கே அடிக்கும், எங்கே அடங்கும் என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும். சும்மா கொடுத்தவர்களிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியாது. உடைந்தால் நாமே திருத்தி, நாமே திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதைத்தான் கட்டுவது என்பார்கள்.

கட்டவேண்டிய அவசரம் பேர்ணடெற்றுக்குத்தான். அவள் அந்த அலுவலகத்தின் பொறியியலாளர், கொட்டாஞ்சேனைக்காரி. முகத்துவாரத்தில் மீனவர்கள் படகுகளை நிறுத்தவென்று ஒரு சின்ன வள்ளத்துறை கட்ட இருந்தார்கள். வரைபடத்தில் இருந்த அலைதடுப்புச் சுவர் கட்டை, நீளம் போதாது, தென்மேல் பருவக்காற்றில் அலை சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து வள்ளங்களைக் கல்லில் அடிக்கும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். திட்டத்தின் தலைமைப் பொறியியலாளர் ஹியூபேட் கோபப்படவில்லை. ஆனால் வாயால் சொன்னால் போதாது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் படம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் உள்ளபடியே கட்டத் தொடங்கிவிடுவோம் என்றார். அந்தச் சுவருக்குப் பின்னால் கட்டி நிறுத்தப்படப் போகிற வள்ளங்களில் ஒன்று அவளுடைய அண்ணன் கிளெமென்ற்றுடையது. கல்லில் மோதி உடைந்த வள்ளத்தைக் கடற்கரையில் வைத்துப் பார்த்தவளுக்கு அது வெறும் வரைபடம் இல்லை.

அந்த நாட்களில் அவள் வெள்ளவத்தைக்குப் போவதை விட்டிருந்தாள். அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கி, வழிநெடுகச் சோதனைச் சாவடி. பையில் கொழும்புக் கரையின் ஆழப் படத்தோடு ஒரு தமிழ்ப் பெண் பிடிபட்டால், அலையைப் பற்றி அவள் சொல்லும் விளக்கத்தை எந்தப் பொலிஸ்காரன் பொறுமையாகக் கேட்பான்? ஆகவே வீட்டில் இருந்த தன் பழைய கணினியில் நிரலைத் திருத்தி ஈமெயிலில் அனுப்புவாள். முத்துலிங்கம் பெரிய கணினியில் அதைக் கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோன் எடுப்பார். இன்டர்நெற்றுக்கும் அதே லைன்தான் என்பதால், அவள் அதில் இருக்கும்வரை வீட்டு ஃபோன் வேலை செய்யாது. அதற்கு அம்மா மேபலிடம் தினமும் ஏச்சு.

ஃபோனில் கதைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? கணக்கு தறிகெட்டு அலை மலையளவு எழும்பிப் போனால், உலகமெல்லாம் அதை வெடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் தமிழில் அந்தச் சொல்லை ஃபோனில் சொல்லுகிற அளவுக்கு இருவரும் மடையர்கள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். துறைமுகம் என்ற சொல்லும் கிடையாது. மணி சொல்வதும் கிடையாது. இத்தனை மணிக்கு அனுப்புகிறேன், இத்தனை மணிக்கு ஓட்டுகிறேன் என்றெல்லாம் சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? "இப்ப", "பிறகு", அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை முத்துலிங்கம் எப்படியோ முழு மென்பொருளையும் புதிய சிஸ்டத்தில் கட்டி முடித்தார். அதற்கு அரை நாளுக்கு மேல் போகும், நடுவில் கரண்ட் நின்றால் முதலிலிருந்து. ஓட்டிய உடனே பிள்ளைக்குக் காய்ச்சல். பேர்ணடெற் பத்து நிமிடத்தில் பிழையைப் பிடித்தாள். ஓர் இடத்தில் தொடக்கப் பெறுமதியைப் பூச்சியமாக்க எழுதியவர்கள் மறந்திருந்தார்கள். பழைய சிஸ்டம் தன்பாட்டில் பூச்சியம் கொடுத்துக் காப்பாற்றி வந்தது, புதியது காப்பாற்றவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

"கட்டிட்டேங்க மிஸ். கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. புது சிஸ்டம்னா சும்மாவா?" முத்துலிங்கத்தின் குரலில் பெருமை.

"சரி, பிள்ளை எப்பிடி இருக்கு?"

"காய்ச்சல் அப்படியேதாங்க இருக்கு."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த வரிதான் மருந்து என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள். சரி, பிழை என்று அதை அழித்துவிட்டு அதே கோப்பில் வேறொன்றைப் பிடித்தாள். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. ஒன்றுக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. போகப் போக அவளுக்கு நிரலில் இருந்த நம்பிக்கை போய், தன்னில் இருந்த நம்பிக்கையும் போனது. அலை சுற்றிக்கொண்டு வரும் என்று சொன்னதே பிழையோ? கூட்டத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேனோ?

புதன் பின்னேரம் கிளெமென்ற் மீன் பையோடு வந்தபோது சொல்லிவிட்டாள்.

"அண்ணா, நான் சொன்னது பிழையாக்கும். உள்ள படத்தின்படியே அவையள் கட்டட்டும்."

"நீ முதல் சாப்பிடு," என்று மட்டும் சொல்லி, மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை முத்துலிங்கம் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவளுடைய கடைசித் திருத்தத்தைக் கட்டி ஓட்டினார். காய்ச்சல். அவளிடம் இனி ஒன்றும் இல்லை. வெறுத்துப்போய், திங்கட்கிழமை எழுதிய அதே வரியைத் திரும்பவும் போட்டு உடனேயே அனுப்பினாள். இதுவும் சரிவராவிட்டால் ஹியூபேட்டுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்கிற எண்ணம்.

முத்துலிங்கம் கட்டினார், கண் மூடித் திறக்குமுன் முடிந்தது. ஓட்டினார். அதே காய்ச்சல். ஆனால் இந்த முறை அவர் எண்களைப் பார்த்தார். முந்தின ஓட்டத்தின் எண்களும் இதுவும் கடைசி இலக்கம் வரை ஒன்று. நிரலை மாற்றினால் விடை சரியாகிறதோ இல்லையோ, ஓர் இலக்கமாவது அசையவேண்டும். அந்த வேகத்தில் அவருக்கு இருந்த பெருமை அப்போதுதான் சந்தேகமாக மாறியது. அவள் அனுப்பிய கோப்பில் இருந்த நேரத்தைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார். அவசரத்தில் முறை எல்லாம் மறந்துபோனது.

"மிஸ், இந்த ஃபைலை நீங்க எத்தனை மணிக்கு சேவ் பண்ணுனீங்க?"

"லிங்கம், ஃபோனில..."

"கேக்கிறவன் கேக்கட்டுங்க! எத்தனை மணி?"

"ஒண்டே கால். இப்பத்தானே அனுப்பினனான்."

"இங்க பன்னெண்டே முக்கால்னு காட்டுதுங்க. நான் முந்தினதைக் கட்டுனது ஒரு மணிக்கு."

அரை மணித்தியாலம். அந்த வருடம் இலங்கையில் அரை மணித்தியாலம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. பழைய நேரமா புது நேரமா என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்குப் போக முடியாமல் இருந்தது. எல்லாரும் சுவர் மணிக்கூட்டைக் கையால் திருப்பினார்கள். பேர்ணடெற் தன் கணினி மணிக்கூட்டையும் அப்படியே கையால் திருப்பினாள். நாட்டின் நேரம் மாறிவிட்டது என்று கணினிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் முள்ளை மட்டும் தள்ளியதில், திரையில் நேரம் சரி, உள்ளே அது எழுதி வைக்கிற நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்கு. முத்துலிங்கமும் அலுவலகத்தில் அதையேதான் செய்திருந்தார். இரண்டு கணினியும் ஒன்றாகப் பிழைவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை வந்த புது சிஸ்டம் மட்டும் நாட்டின் புது நேரத்தைத் தெரிந்துகொண்டு வந்து, இன்டர்நெற்றில் பார்த்துத் தன் மணிக்கூட்டைத் தானே திருத்திக்கொண்டது.

கட்டுகிற நிரலுக்கு ஒரு சோம்பல் உண்டு. கறி வைத்த பிறகு புது மீன் வந்தால்தான் திரும்ப அடுப்பை மூட்டும். மீன் கறிக்கு முந்தியது என்றால் இருக்கிற கறியே போதும் என்று விட்டுவிடும். பேர்ணடெற் ஆறுதலாக, மணிக்கணக்கில் யோசித்து அனுப்பிய திருத்தங்களை எல்லாம் அது ஒழுங்காகக் கட்டியது, அவை எல்லாம் பிழை. முந்தினதைக் கட்டி அரை மணித்தியாலம் ஆகுமுன், சூட்டோடு சூடாக அனுப்பியது இரண்டு முறைதான். அந்த இரண்டும் பழையது என்று அது தொட்டும் பார்க்கவில்லை.

"அப்ப திங்கக்கிழமை..." என்று பேர்ணடெற் தொடங்கினாள்.

"திங்கக்கிழமை ஒங்க வரியை நான் கட்டவே இல்லைங்க மிஸ்."

கோப்பின் நேரத்தை இந்த நிமிடத்துக்கு மாற்ற ஒரு கட்டளை போதும். அதைக் கொடுத்துவிட்டுக் கட்டினார். இந்த முறை புது சிஸ்டம் மூச்சு வாங்கி வாங்கி வேலை செய்தது. அவ்வளவு மெதுவாக ஒரு கணினி ஓடுவதைப் பார்த்து மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பின்னேரம் தேத்தண்ணி நேரம் அவர் எடுத்த ஃபோனில் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"காய்ச்சல் விட்டிருச்சுங்க. கட்டைச் சுவர்னா உள்ளுக்கு நல்லா அடிக்குது. நீங்க சொன்ன நீளம் போட்டா தண்ணி அடங்கிருது. ரெண்டு படமும் ஹியூபேட் சேருக்கு அனுப்பவா?"

"அனுப்புங்கோ, லிங்கம். இப்பவே அனுப்புங்கோ."

"அம்மா!" என்று அவள் கத்தியதில் மேபல் அகப்பையோடு ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஹியூபேட் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். காற்று எவ்வளவு, ஆழம் யார் அளந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், சுவரை நீட்டுவோம், முடிவு எந்த இடம் என்று நேரில் காட்டுங்கள் என்று சொல்லி, தன் வாகனத்திலேயே முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போனார். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்த சாவடிகள் எதுவும் கேட்கவில்லை.

கரையில் கிளெமென்ற்றும் இன்னும் நாலைந்து பேரும் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேர்ணடெற் கையை நீட்டி இடத்தைக் காட்டப் போனாள், கை பாதியில் நின்றது. அவள் காட்டவிருந்த அதே இடத்தில், கல் கட்டி இறக்கிய ஒரு நீலப் பிளாஸ்டிக் கலன் மிதவையாக அலையில் ஆடிக்கொண்டிருந்தது.

அதை யார் போட்டது என்று ஹியூபேட் கேட்டார்.

"நாங்கதான் சேர்," என்றான் கிளெமென்ற். "போன மாசம் தங்கச்சி இங்க நிண்டு, சுவர் அவ்வளவு தூரம் வரோணும் எண்டு கையைக் காட்டினவள். அண்டைக்கே போட்டிட்டம். அதுக்கு உள்ளுக்குத்தான் வள்ளம் கட்டுறதெண்டு எல்லாரும் பேசியாச்சு."

"புதன்கிழமை நான் பிழை எண்டு சொன்னனான்தானே அண்ணா. பிறகும் ஏன் கழட்டேல்லை?"

"அது நீ களைச்சுப்போய்ச் சொன்னது. இஞ்ச ஒருத்தரும் நம்பேல்லை."

பேர்ணடெற்றுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள். ஹியூபேட் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி, கரையிலிருந்து அந்தக் கலன் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னார்.