பதினான்காம் எண் காலி இல்லை

மார்ச் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. பதினான்காம் எண் வீட்டின் கீழ்த்தளத்தை 'காலி' என்று குறித்துவிட்டேன். அது காலி இல்லை.

இதை எழுதிவிட்டு ஹென்னிங் பேனாவை மூடினான். மறுபடியும் திறந்து 'சின்ன' என்ற சொல்லை அடித்தான். அடித்தது சரியா என்று யோசித்துக்கொண்டே பல் தேய்க்கப் போனான்.

பகலில் அவனுக்குக் கண்ணாடிக்கடைப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்கு, 'நகரத்தைப் பார்த்தல்' என்றொரு வகுப்பு. வகுப்பில் ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கடை கடையாகப் போய்த் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, காலியா என்று குறிக்க வேண்டும். மணிக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஹென்னிங்குக்குச் சொந்தத் தெருவே கிடைத்தது. பெர்லினில் நோலண்டார்ஃப் சதுக்கத்துக்குப் பின்னால், ஆணும் ஆணும் கை கோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத தெரு. அதற்காகவேதான் இரண்டு வருடம் முன்பு இங்கே குடிவந்தான். இந்தத் தெருவை என்னைவிட ஒழுங்காக யார் எண்ணிவிட முடியும் என்று நினைத்தான்.

ஒழுங்காகத்தான் எண்ணினான். பதினான்காம் எண்ணுக்கு மூன்று தடவை போனான்: நண்பகல், நான்கு மணி, மாலை ஏழு. மூன்று தடவையும் கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் பழுப்பேறிய திரை. 'பெலிகன்' என்ற மதுக்கடைப் பெயரில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. காலி என்று குறித்தான். பக்கத்தில் ஒரு வீட்டுத் தரகர் அலுவலகம். கண்ணாடி முழுக்க வானவில் ஸ்டிக்கர், 'வண்ணமயமான தெருவில் உங்கள் கனவு இல்லம்' என்று விளம்பரம், உள்ளே ஒரு பெண்ணும் ஒரு தொட்டிச் செடியும். அதற்கு 'மிகத் துடிப்பானது' என்று குறித்தான்.

இந்தச் செவ்வாயன்று வகுப்பாசிரியை வீப்கே வட்டார அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பெருமையோடு வாசித்தார். வகுப்பின் தாள்கள் மிகவும் பயன்பட்டனவாம். தெருவின் பழைய மதுக்கடைகளைக் கட்டட உரிமையாளர்கள் வேறு எதுவாகவும் மாற்றக் கூடாது என்று ஒரு பாதுகாப்புப் பட்டியல் போடுகிறார்கள். பதினான்காம் எண் காலியாக இருப்பதால் அதை மட்டும் நீக்கிவிட்டார்களாம். ஆட்சேபம் இருந்தால் வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்குள் சொல்லலாம். ஹென்னிங்குக்குக் காது சூடாகியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் கதவைத் தாண்டும்போது, யாரோ ஒருவர் நிலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு பித்தளைக் குமிழை அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரும் சிரிப்பு வெளியே வந்தது, கதவு மூடியது.

அந்தக் குமிழை அவன் மூன்று தடவையும் பார்த்திருந்தான். மாடி வீட்டு மணி என்று நினைத்திருந்தான்.

புதன்கிழமை காலை வட்டார அலுவலகத்தில் அந்தப் பட்டியலைக் கவனிக்கும் திருமதி அக்சோய்க்குப் போன் செய்தான்.

"காலின்னு எழுதினது யாரு?"

"நான்தான், மேடம்."

"இப்ப காலி இல்லன்னு சொல்றதும் நீங்கதான்."

"ஆமா, மேடம்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரி. இன்னிக்கு நாலு மணிக்கு அந்தத் தெருப் பக்கம் வர்ற வேலை இருக்கு. நேர்ல பாத்துட்டு மாத்திடறேன். என்னால முடியலன்னா, நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள ஒரு தாள் கொண்டாங்க. கடை நடக்கறப்ப உள்ள இருந்த அஞ்சு பேரோட பேரு, விலாசம், கையெழுத்து."

வீட்டு எண், தளம், நேரம், கடையின் பெயர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பட்டறையில் அனுமதி கேட்டுக்கொண்டு, மூன்று மணிக்குப் பெலிகனின் குமிழை அழுத்தினான். கதவிலிருந்த சின்ன ஓட்டைக்குப் பின்னால் ஒரு கண் வந்தது.

"என்ன வேணும்?"

"நான்... இந்தத் தெருதான்."

"மூணு தடவை வந்து அட்டையில என்னமோ கிறுக்கிட்டுப் போன பய நீதான?"

கதவு திறந்தது. கடைக்காரர் எக்கார்டுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும், சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார். உள்ளே காபியும் ஆப்பிள் கேக்கும் மணத்தன. ஹென்னிங் பழக்கதோஷத்தில் எண்ணினான்: பதினொரு பேர். சீட்டாடும் இரண்டு பெண்கள். வேலை முடிந்து சீருடையிலேயே வந்திருந்த பெனோ என்ற ஆண் செவிலியர். நகரத்தின் கிழக்குக் கோடியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ரயிலில் வந்த தம்பதி, இருவரும் ஆண்கள், ஒரே நிறத்தில் கம்பளிச் சட்டை. எதிர்வரிசையில் அவன் வழக்கமாகப் போகும் கண்ணாடிச் சுவர்க் காபிக்கடையில் இந்த நேரத்துக்கு நான்கு பேர் நான்கு கணினிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் செய்ததைச் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது லோதர். எண்பதைத் தாண்டியவர், காதில் முத்துத் தோடு, எல்லோரையும் 'அடி' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"ஏன்டி ராசாத்தி, ரெண்டு வருஷமா இந்தத் தெருவுல குப்பை கொட்டறே. ஒரு மணியை அமுக்கத் தெரியலையா?"

"வெளில ஒரு போர்டு வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான் ஹென்னிங். அவனுக்கும் கோபம் வந்திருந்தது. "மணியை அடிக்கவும்னு. மூணே வார்த்தை கூட வராது."

"போர்டு வெச்சுட்டு அப்பறம் எதுக்குடா மணி?" என்றார் எக்கார்ட். "இந்தக் கடையை நான் எடுத்தப்பவே மணி இருந்துச்சு. யாரு வர்றான்னு பாத்துத்தான் திறப்போம். ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கானே பக்கத்துல, அவன் மாதிரி நான் காட்சிக்கு வெக்கல."

"போன கோடையில எவனோ ஜன்னல்ல கல்லடிச்சான். அதையும் எண்ணினியா?" என்றாள் சீட்டாடும் பெண்களில் ஒருத்தி.

"அதுக்குத் தாள்ல கட்டம் இல்ல" என்றான் ஹென்னிங். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான பதில் என்று உறைத்தது. அவள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

எக்கார்ட் அவன் முன்னால் ஒரு துண்டு கேக்கைத் தள்ளினார். "தின்னு. நாலு மணிக்கு அந்த அம்மா வரட்டும், பாக்கட்டும், போகட்டும்."

நான்கு மணிக்குக் கதவின் கைப்பிடி ஆடியது.

அறை சட்டென்று அடங்கியது. எக்கார்டின் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. லோதர் உதட்டில் விரல் வைத்தார். சீட்டுகள் அந்தரத்தில் நின்றன. கைப்பிடி மறுபடி ஆடியது. யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஹென்னிங்கும் கேக் குத்திய முள்கரண்டியோடு அசையாமல் இருந்தான். காலடிச் சத்தம் விலகியதும் பாட்டு திரும்ப வந்தது, பேச்சும் வந்தது. மணி நாலு பத்து ஆனபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். இடுக்கில் ஒரு அட்டை செருகியிருந்தது.

'16.03. நேரில் பார்வையிட்டேன். பூட்டியிருக்கிறது. செயல்படவில்லை. அக்சோய்.'

தெருவில் அவர் இல்லை. அவருக்குப் போன் செய்தான். எடுத்தவரின் பின்னால் ரயில் சத்தம். "ஹென்னிங், நானே தட்டினேன். ரெண்டு தடவை. உள்ள எலி கூட இல்ல."

"மணி அடிச்சீங்களா, மேடம்?"

"என்ன மணி?"

எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னவன் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பன்னெண்டு மணி" என்றார் அவர். "அஞ்சு கையெழுத்து."

உள்ளே வந்து அட்டையை மேஜையில் போட்டான். "ஏன் ஒருத்தரும் திறக்கல? நாலு மணிக்கு வருவாங்கன்னு சொன்னேனே!"

"கைப்பிடியை ஆட்டினா திறக்க மாட்டோம்" என்றார் எக்கார்ட். "நம்ம ஆளுங்க மணி அடிப்பாங்க. ஆட்டறது போலீசு."

"இப்ப எந்தப் போலீசு வரப் போகுது?"

"அது கைக்குத் தெரியுமா? நீ ஏன்டா திறக்கல?"

ஹென்னிங் அட்டையைத் திருப்பிப் போட்டான்.

தாளை எடுத்து வைத்தான். பெயர், விலாசம், கையெழுத்து என்று கோடு போட்டு ஐந்து வரிசை. எக்கார்ட் முணுமுணுத்துக்கொண்டே முதல் வரியை நிரப்பினார். பெனோ இரண்டாவது. சீட்டாடும் பெண்கள் பேனாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு மூன்றாவதும் நான்காவதும். கிழக்குக் கோடித் தம்பதியில் ஒருவர் பள்ளி ஆசிரியர், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். மற்றவர்கள் காபியைக் கலக்கினார்கள்.

ஹென்னிங் தாளை லோதரிடம் நகர்த்தினான்.

"எடுத்துட்டுப் போடி" என்றார் லோதர். குரலில் விளையாட்டு இல்லை. "அறுபத்தி நாலுல, நாம இப்படி இருக்கறதே சட்டப்படி குத்தமா இருந்தப்ப, போலீசுக்காரன் ஒருத்தன் இப்படித்தான் ஒரு ரூமுக்குள்ள வந்து எல்லாரோட பேரையும் எழுதினான். அடுத்த வாரம் எனக்குப் பஸ் கண்டக்டர் வேலை போச்சு. என் பேரு ஒரு தடவை எழுதினது போதும்."

"இது கடையைக் காப்பாத்த, லோதர்."

"அவனும் ஏதோ நல்லதுக்குன்னுதான் சொன்னான்."

"அப்ப அஞ்சாவது ஆளுக்கு நான் எங்க போவேன்? நாளைக்கு மதியத்துக்குள்ள..."

"அய்யோ, இவளோட என்னடி பண்ணறது!" லோதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கைத் தின்னது யாரு? சத்தம் வந்தப்ப எங்களோட சேந்து மூச்சைப் பிடிச்சது யாரு? கைல அட்டை இருந்தா நீ ஆளு இல்ல, சுவரா?"

ஹென்னிங் தாளைப் பார்த்தான். ஐந்தாவது வரி காலியாக இருந்தது. உறவினரோ முதலாளியோ பார்க்கக்கூடிய எந்தத் தாளிலும் இந்த மாதிரி இடத்தோடு சேர்த்துத் தன் பெயரை எழுதியதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஊரிலிருக்கும் அப்பாவிடம் இந்தத் தெருவின் பெயரைக்கூட அவன் சரியாகச் சொன்னதில்லை. லோதர் அவனையே எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பெயரை எழுதினான், விலாசத்தை எழுதினான், கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

"கேக்குக்குக் காசு வெச்சுட்டுப் போ" என்றார் எக்கார்ட்.

மார்ச் 12, புதன். பெலிகனில் மாலை மூன்றிலிருந்து நான்கு வரை இருந்தவர்கள் பதினொன்று என்று குறித்திருந்தேன். என்னைச் சேர்க்கவில்லை. பன்னிரண்டு. தரகர் அலுவலகத்துக்குக் கொடுத்த 'மிகத் துடிப்பானது' என்பதையும் திரும்ப யோசிக்க வேண்டும்.

நாளை: ஒன்பது மணிக்கு வட்டார அலுவலகம், மூன்றாம் மாடி. தாளைக் கொடுக்க வேண்டும். மணி கதவின் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்கிறது என்று திருமதி அக்சோயிடம் சொல்ல வேண்டும்.