பூ மடித்தது யார்

இப்போதெல்லாம் சாமியிடம் யாரும் நேரே பேசுவதில்லை. கோயிலுக்குப் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு, பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். குறை இவர்களுடையது, பேசுவது குருக்கள். எனக்கு அது ஆகாது. எங்கள் காட்டு ஓரத்துக் காளியம்மனிடம் நாற்பது வருஷமாக நானேதான் பேசுகிறேன். திட்டியும் இருக்கிறேன்.

அந்த வருஷம் மழை இல்லை. கிணறு ஐம்பதடியில் பாறை தட்டி நின்றுவிட்டது. கத்தரி நாற்று வாடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வெடி வைத்தால் ஊற்று பிடித்துவிடலாம். திரி கொளுத்த வேறு ஆளை இறக்க எனக்கு நம்பிக்கை கிடையாது, நானேதான் இறங்குவேன். அதற்கு முந்தின மாசம் கொளுத்திவிட்டு ஏறும்போது கயிறு நழுவிப் பாதிக் கிணற்றில் தொங்கினேன். எப்படியோ ஏறிவிட்டேன். அன்றிலிருந்து கிணற்றுப் பேச்சை எடுத்தாலே என் பெண்டாட்டி மூக்காயி கஞ்சிச் சட்டியை நங்கென்று வைப்பாள்.

"பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா சொல்றபடி கேளுங்க" என்று அவளே கூப்பிட்டாள்.

ஒரு பூவரச இலையில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிறவன் மடிப்பதைப் பார்க்கக் கூடாது. அவள் மடித்தாள், நான் திரும்பி நின்றேன்.

"ஆத்தா, சுத்தி வளைக்காம கேக்குறேன். வெடி வைக்கவா, வேண்டாமா? உனக்கு வெயில் தெரியாது, நிழல்ல உக்காந்திருக்கே. என் நாத்து அம்புட்டும் கருகுது."

எடுத்தேன். சிவப்பு.

"நான் சரியாக் கேக்கல. இன்னொருக்கா மடி."

மறுபடியும் சிவப்பு.

மூன்றாவது தடவையும் சிவப்பு வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிடந்த மற்ற மடிப்பைப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

"ஏண்டி, சாமிகிட்டயே திருட்டா?"

மூக்காயி அசையவில்லை. "திருட்டு என்ன திருட்டு? காலையிலயே வந்து அவகிட்டச் சொல்லிட்டேன். 'இந்தக் கெழவனுக்கு வெள்ளை வந்துட்டா எறங்கிருவான். எனக்கு இவன் வேணும். ரெண்டுலயும் சிவப்பத்தான் மடிக்கப் போறேன், புடிக்கலேன்னா என் கையைப் புடிச்சு நிறுத்து'ன்னேன். நிறுத்தல."

"கல்லு எப்படிடி கையைப் புடிக்கும்?"

"நாப்பது வருசமாக் கல்லுகிட்டயா பேசினீங்க?"

அம்மனைப் பார்த்தேன்.

"ஆத்தா, இவ சொல்றது நெசமா? நீ ஒத்துக்கிட்டியா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

காத்து நின்றேன். தலைக்கு மேல் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"நாளைக்கு நான் மடிப்பேன். நீ எடு" என்றேன் மூக்காயியிடம்.

"மடிங்க. விடியுறதுக்குள்ள நான் வந்து அவகிட்ட வேற சொல்லி வைப்பேன்."

இவளும் ஆத்தாளுமாக இரண்டு பொம்பளைகளும் சேர்ந்துகொண்டால் நான் எங்கே போய் முறையிடுவது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கிணற்றுப் பக்கம் போகவில்லை, வீட்டுப் பக்கம்தான் போனேன். மூக்காயி சொன்னதை நம்பியதனால் அல்ல. அம்மன்தான் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லையே.