பிந்தி வந்த விளக்கு

ஒத்திகை மேடையில் என் நாத்தனார் ஆடிக்கொண்டிருந்தாள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள். மேளம் கேட்காது. மேடை விளிம்பில் ஒரு விளக்கு ஒவ்வொரு அடிக்கும் மின்னும். அதைப் பார்த்துத்தான் கால் வைப்பாள். மேளத்தையும் விளக்கையும் கணினியில் ஓட்டும் நிரல் நான் எழுதியது.

தொடக்கம் அழகாகத்தான் இருந்தது. பின்திரையில் கடலலைப் படம் எழுந்ததும் விளக்கு மேளத்துக்குப் பின்னால் நொண்டியது. அவளும் நொண்டினாள். மற்றப் பெண்கள் திரும்பிய பிறகு இவள் திரும்பினாள்.

"நிறுத்துங்க!" நடன ஆசிரியை கைதட்டினார். "பார்க்க ஆளுங்க வர்றதுக்குள்ள இன்னும் ஒரே ஒத்திகைதான். அதுலயும் இப்படின்னா, இவ இடத்துல வேற பொண்ணுதாம்மா."

உதட்டசைவைப் படித்துவிட்ட நாத்தனார் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணி, ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லுவா. எனக்கு ஆடத் தெரியும். உங்க லைட்டுதான் கோணல்."

"தெரியுதுடி. முறைக்காத."

"முறைக்கல. அவசரப்படுத்துறேன்."

நிரலைத் திறந்தேன். ஒவ்வொரு அடிக்கும் டைமர், செயற்கூறு என்கிற ஒரு சிறு நிரல்துண்டை அழைக்கும். அது விளக்கைத் தட்டிவிட்டு உடனே திரும்பவேண்டும். அடுத்த அழைப்பு காத்திருக்குமே. நானோ, ஆசிரியை அலைகள் கேட்டார் என்று, படத்தை எடுத்து வரைகிற வேலையையும் அதன் தலையிலேயே கட்டியிருந்தேன். அது பிந்தித் திரும்பியதால் அழைப்புகள் வரிசையில் தேங்கின; விளக்கும் பிந்தியது.

சிரிப்பு வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும், கூப்பிட்ட வேலையோடு இன்னும் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்பவள் நான். அதைப் பெருமையென்று வேறு நினைத்திருந்தேன். என் குணத்தையே அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்!

விரல்கள் பறந்தன. விளக்கைத் தட்டு, 'வரையவேண்டும்' என்று ஒரு குறி போடு, திரும்பிவிடு. அவ்வளவுதான் இனி அதன் வேலை. குறியைப் பார்த்து வரைவது நிரலின் மற்றப் பகுதியின் பாடு.

"அலை கொஞ்சம் முன்னபின்ன வரலாம்," என்றேன் ஆசிரியையிடம்.

"கடலுக்கு யாரு தாளம் போடப்போறா? விளக்கு பிந்துமா?"

"பிந்தாது," என்றேன்.

மேளம் தொடங்கியது. அலை எழுந்தது. விளக்கு, கால், மேளம்: மூன்றும் ஒன்றாக விழுந்தன. வேகம் கூடியது. மறுபடி ஒன்றாக! பெண்கள் சுழன்றார்கள், எல்லாரும் ஒரே நொடியில் திரும்பினார்கள். ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

ஆட்டம் முடிந்தபோது நாத்தனார் எங்களுக்கு முதுகு காட்டி மூச்சிரைத்து நின்றாள்.

"முன் வரிசைக்கு வாடி நீ!" என்று கத்தினார் ஆசிரியை.

அவளுக்கு எப்படிக் கேட்கும்? முகத்துக்கு நேரே போய்ச் சொல்ல, நான் மேடைக்கு ஓடினேன்.