டாட்டா

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டும்போதெல்லாம் பெற்றவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். குறைமாதத்தில் பிறந்து, மூக்கில் குழாயோடு கிடக்கிற குழந்தை அம்மாவைக் கண்டதும் கையசைக்கிறதென்றால் சும்மாவா? வெளியே காத்திருக்கும் கணவனிடம் தினமும் இதே கதைதான்.

"உங்க எலிக்குட்டி இன்னைக்கும் எனக்கு டாட்டா காட்டினா."

"இப்பவே அம்மா கட்சில சேந்துட்டாளா?" என்று அவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்வான்.

இன்றும் பெட்டியின் வட்டக் கதவு வழியே கையை நுழைத்து, ஒரு விரலால் குழந்தையின் முதுகை மெல்லத் தடவினாள். விரல்கள் விரிந்தன. பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம் தடவினாள். குழந்தையின் கால் விறைத்தது. மேலே இருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் கருவி கத்தத் தொடங்கியது.

சிஸ்டர் வந்து கருவியை அடக்கினார். "தடவாதீங்கம்மா. கையை இப்படி விரிச்சா போதும்னு அர்த்தம். இந்தத் தோல் தடவுறதைத் தாங்காது."

"டாட்டா காட்டுறா சிஸ்டர்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் இத்தனை நாளும் பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து 'போ' என்றா சொல்லிக்கொண்டிருந்தது?

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்ன? டாக்டர் தொடுங்கங்கிறார், நீங்க தொடாதீங்கங்கிறீங்க. நான் யார் பேச்சைக் கேக்குறது?"

"தொடாதீங்கன்னு நான் சொல்லலையே. தடவாதீங்கன்னேன்." சிஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்."

மல்லுக்கட்டத் தயாராக நின்றவளுக்கு, இந்த 'தப்புதான்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை வெளியே எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் நேரம் வந்தது. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

"மாட்டேன்."

வாய் முந்திக்கொண்டது. போ என்று சொன்ன பிள்ளைமுன் எந்த முகத்தோடு நிற்பது என்பது பிறகுதான் உறைத்தது.

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சும்மா நிக்காதீங்க. கையைக் கழுவிட்டு வாங்க. ஒரு கை தலைக்கு, ஒரு கை மடக்கின காலுக்கு. கிண்ணம் மாதிரி அணைச்சு வைங்க. அசைக்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். இந்தக் காலை மட்டும் எனக்கு விடுங்க."

ஊசி இறங்கியது. குழந்தையின் முகம் சுருங்கியது. கை மேலே வந்து ஐந்து விரலும் விரிந்தன.

"போதுங்கிறா சிஸ்டர். எடுத்துடவா?"

"எடுக்காதீங்க. அது எனக்குச் சொல்றது."

"எப்படித் தெரியும்?"

"குத்தினது நான்தானே."

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் இருக்கிற ஒரு கையை இரண்டு பேருக்கு நடுவில் விரித்தால், யாரைச் சொல்கிறாள் என்று யார் கண்டது? தடவத் துடித்தது, ஊதிவிடத் துடித்தது. அம்மாக்கள் செய்வதென்று அவள் நினைத்திருந்த எதையும் செய்யாமல் இருப்பதுதான் இங்கே வேலையாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் பஞ்சை வைத்தார். விரிந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் கட்டைவிரல் ஓரத்தில் வந்து நின்றன. பிடித்தாளா, சும்மா பட்டதா?

"இப்ப என்ன சொல்றா?"

"தெரியலம்மா. கருவி கத்தலை, அதுவரைக்கும் எனக்குத் தெரியும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவன் ஐந்து விரலையும் விரித்து டாட்டா காட்டினான். பதிலுக்குக் காட்ட அவளுக்குக் கை ஒழியவில்லை.