பழைய நான்கும் புதிய இரண்டும்

அலாரம் அலறியது. செம்பூர் அலுவலகத்தில் ஜெனியின் திரை முழுக்கச் சிவப்பு. விடாத மழையில் ஊரே ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் கம்பெனியின் ஆம்புலன்ஸ் ஆப்பில் குவிந்த அழைப்புகளைத் தாங்காமல் நான்கு சர்வர்களும் திணறின.

"அரே ஜெனி, இன்னும் ரெண்டு சர்வர் சேத்துடு. நா பாக்காம கோட் எதையும் ஓட்டாத, சமஜ்லியா, புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு அவள் குழுத்தலைவன் டென்சில் மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கப் போனான். எந்த மாற்றத்தையும் இரண்டாவது ஆள் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அவள் எழுதி முடிக்கவும் கைபேசி துடித்தது. மான்குர்த்திலிருந்து அம்மா ஏஞ்சலம்மாள்.

"ஏட்டி, அப்பாவுக்கு மூச்சு இழுக்கு. ஒன் ஆம்புலன்ஸ் ஆப்பத்தான் அமுக்கிக்கிட்டே இருக்கேன், சுத்திக்கிட்டே கெடக்கு. தெருவுல இடுப்பளவு தண்ணி, ஒரு ரிக்‌ஷாக்காரனும் வரமாட்டேங்கான்."

"இப்ப சரியாயிரும்மா."

டென்சில் அடுத்த அறையில்தான் இருந்தான். கூப்பிட்டால் வந்திருப்பான். ஜெனி கூப்பிடவில்லை. கர்த்தரே என்று ஓட்டிவிட்டாள்.

ஒரு நொடி பச்சை. அப்புறம் மொத்த ஆப்பும் செத்தது.

அழைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர், கோடில் எழுதிய சர்வர் பெயர்களை மட்டுமே தன்னுடையவை என்று எடுத்துக்கொள்ளும். பழைய நான்கையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் அவள் புதிய இரண்டை மட்டும் எழுதியிருந்தாள். அது பழையவற்றை வெளியே தள்ளிவிட்டு மொத்தப் பாரத்தையும் புதியவற்றின் தலையில் இறக்க, இரண்டும் படுத்துவிட்டன.

"க்யா கியா தூ?" டென்சில் ஓடி வந்தான். "என்ன செஞ்ச? பழசெல்லாம் எங்க?"

"எங்கப்பா, டென்சில்... மூச்சு..."

திட்ட வாயெடுத்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "பேரு நான் சொல்றேன். நீ அடி."

ஒரு பெயர் தப்பானது. அழித்தாள், மறுபடி அடித்தாள். ஆப்பை அமுக்கிக்கொண்டே இருக்கும் அம்மாவின் விரல்தான் கண்முன் நின்றது. ஆறு பெயர்களையும் டென்சில் திரையில் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"ஓட்டு."

ஆறும் பச்சை. தேங்கிக் கிடந்த அழைப்புகள் மளமளவென்று இறங்கின. திரையில் அப்பாவின் பெயர்: ஜோசப்ராஜ், மான்குர்த். வண்டி கிளம்பிவிட்டது. ஜெனி அம்மாவை அழைத்தாள்.

"எம்மா, வண்டி கெளம்பிட்டு! டிரைவர வெரட்டிக்கிட்டே இருக்கேன்!"

 மழைச் சத்தத்தினூடே அம்மா சொன்னாள்:

"அந்தப் பையன வெரட்டாதட்டி. இனி என்ன அவசரம்? தண்ணியில பாத்து, மெதுவாவே வரச் சொல்லு."