ஈப்பர் மண்டபத்து ஈய முத்திரை

ஈப்பர் நகரத்தில் துணி விற்கும் மண்டபத்துக்கு இணையாக இன்னொன்று உண்டா என்று எவனாவது கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அலெய்டா அதிலும் ஒருபடி மேலே. மண்டபமே தன் சொத்து என்பது போல நடப்பாள். அன்றைக்கு அந்த மிடுக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இருக்காதா பின்னே? இத்தனை காலம் பிறருக்கு நெய்து கொடுத்தவள், முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கருஞ்சிவப்புக் கம்பளித் துணி கொண்டுவந்திருந்தாள். குறையில்லாத துணிக்குப் போடும் ஈய முத்திரை அதில் விழுந்தால் மண்டபத்துக்குள் அவளுக்கென்று ஒரு கடை. விழாவிட்டால் அந்தக் கடை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

முத்திரை போடுகிறவன் அவள் புருஷன் லாம்பிரெக்ட். கூட இருந்து துணியைச் சோதிக்க வேண்டிய இன்னொருவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

துணியை உயரக் கழியில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். வீட்டு இருட்டில் தெரியாததெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பாதித் துணி கடந்ததும் அலெய்டாவின் கண்ணில் அது பட்டது. ஓர் இழை அறுந்து, அந்த இடத்தில் வெளிச்சம் கசிந்தது. லாம்பிரெக்டும் பார்த்துவிட்டான். பார்த்த வேகத்தில் அவன் கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பெண்டாட்டி மேல் இருந்த ஆசை, வேறென்ன! பக்கத்திலேயே, துணி வாங்க வந்த ஜெனோவா வியாபாரி ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டைவிரல எடுங்க," என்றாள் அலெய்டா.

"சும்மா இருடி," என்று அவன் பல்லைக் கடித்தான். "யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுதே. ஜெனோவாவுல பிரிச்சுப் பாத்தா அவங்களுக்கும் தெரியும். அப்ப அலெய்டா துணின்னா திட்டுவாங்க? ஈப்பர் துணின்னுதான் திட்டுவாங்க."

விரல் விலகியது. குறையுள்ள துணியை மூன்றாக வெட்டி, முத்திரையில்லாமல் உள்ளூரில் விற்க வேண்டும் என்பது விதி. அவன் கத்தரியை எடுத்தான். துணி சுருங்காமல் அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் தலை மட்டும் குனியவில்லை.

அந்த வியாபாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. முத்திரை விழுந்த துணியானாலும் ஒவ்வொன்றையும் மறுபடி பிரித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார். அவருடைய ஆட்கள் வழக்கம்போல, அவர் வாங்கியிருந்த கட்டுகளை அவிழ்க்கப் போனார்கள். வெட்டிக் கிடந்த மூன்று துண்டுகளையும் பார்த்துவிட்டு, அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"பிரிக்காதீங்கப்பா. முத்திரை இருக்குல்ல, அது போதும். ஏத்துங்க."

ஊரார் நெய்த துணிகள் அவள் கண் முன்னாலேயே கட்டு அவிழாமல் வண்டி ஏறின. அவற்றில் அலெய்டாவின் துணி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அத்தனையும் தன் துணிதான் என்று அவளுக்கு நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது.